சர்வர் ஒரு நிமிஷம்கூட நிக்கலை

ஜன்னல் ஷட்டரை இறக்கி விட்டுருங்க சார். முன்சீட்டுக்காரர் எச்சிலைத் துப்பறதைப் பாத்தீங்களா? அவர் பாட்டுக்கு வெளியே துப்பறார். காத்துல திரும்பி யார் மேல வருது? நம்ம மேல. சொன்னா முறைப்பார். கேவலம் சார்.

சார் என்ன பண்றீங்க? வாத்தியாரா? கணக்கா! அப்ப நல்லதாப் போச்சு. நான் சொல்றது உங்களுக்குப் புரியும். எங்க கம்பெனில பெரிய பெரிய பதவில இருக்கறவனுக்கே இந்தக் கூட்டல் புரியலை.

நான் ஒரு பால் கம்பெனில சிஸ்டம் அட்மின். தனியார் கம்பெனி. பேரு வேண்டாம், விடுங்க. பத்தொன்பது வருஷ சர்வீஸ். பரந்தாமன்னு கேட்டா வாட்ச்மேன்ல இருந்து எல்லாருக்கும் தெரியும். இப்பவும் அங்கதான் இருக்கேன். போன மே மாசம் நடந்ததுக்கு அப்புறம் அந்த கேட்டுக்குள்ள நுழையறப்பவே உடம்பெல்லாம் என்னமோ மாதிரி ஆகுது. ஆனாலும் போறேன். என்ன செய்ய?

முதல்ல மெமரின்னா என்னன்னு சொல்லிடறேன். கம்ப்யூட்டர் ஒரு வேலையைச் செய்யறப்ப அதுக்கு வேணுங்கறதையெல்லாம் எடுத்துக் கைக்கு எட்டற மாதிரி வெச்சுக்கற இடம். அது பத்தலைன்னா டிஸ்குல கொண்டுபோய் வெச்சுட்டு, வேணுங்கறப்ப எடுத்துட்டு வரணும். மெமரில இருந்து எடுக்கறதுக்கும் டிஸ்குல இருந்து எடுக்கறதுக்கும் எத்தனை ஆயிரம் மடங்கு வித்தியாசம் தெரியுமா? அதுவும் எங்ககிட்ட இருந்தது பழைய டிஸ்கு.

முன்னால எங்களுக்கு அஞ்சு கம்ப்யூட்டர் தனித்தனியா இருந்துச்சு. பால் வந்து இறங்கற இடத்துக்கு ஒண்ணு, ஆபீசுக்கு ஒண்ணு, குளிர் அறைக்கு ஒண்ணு, கேமராவுக்கு ஒண்ணு, மெயிலுக்கு ஒண்ணு. எல்லாம் ஓட்டை. நான்தான் சர்வர்னு ஒரே பெரிய மெஷின் வாங்க வெச்சு, அஞ்சையும் அதுக்குள்ள ஏத்தினேன். வர்ச்சுவல் மெஷின்னு சொல்லுவாங்க. நிஜத்துல இருக்கறது ஒரு இரும்புப் பெட்டிதான். உள்ள ஓடற அஞ்சும் தனித்தனிக் கம்ப்யூட்டர்னு நினைச்சுக்கிட்டு ஓடும். ஒவ்வொண்ணும் தனக்குப் பதினாறு ஜி.பி. மெமரி இருக்குன்னு நம்பும். மெமரியைப் புஸ்தகம் மாதிரி பக்கம் பக்கமாப் பிரிச்சு வெச்சிருக்கும். அது 'நூறாவது பக்கம்'னு கேக்கும். அந்த நூறாவது பக்கம் நிஜத்துல எங்கயோ ஏழாயிரத்துச் சொச்சத்துல கிடக்கும். எது எங்க இருக்குன்னு அடில ஓடற சிஸ்டம் ஒரு பட்டியல் வெச்சுக்கிட்டு எடுத்துக் குடுக்கும். உள்ள இருக்கறவனுக்கு அது தெரியவே தெரியாது.

பெட்டில இருக்கற மெமரி அறுபத்திநாலு. அஞ்சு பதினாறு எண்பது. ஆமா சார், இருக்கறதைவிட அதிகமாத்தான் குடுக்கறது. தப்பில்லை, உலகம் பூரா அப்படித்தான் செய்யறான். பதினாறு குடுத்தா பதினாறையும் எவனும் தொடமாட்டான். அஞ்சு பேரும் ஒரே நேரத்துல முழுசா கேக்க மாட்டான். அஞ்சுலயும் ஒரே மாதிரி விஷயம் இருந்தா ஒரே பிரதியை அஞ்சு பேருக்கும் காட்டிக்கலாம். மூணு வருஷம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடுச்சு. ஒருத்தன் பாராட்டினானா? இல்லை.

அப்புறம் வந்தார் மகுடபதி. புது ஜெனரல் மேனேஜர். வந்த மூணாவது நாள் என்னைக் கூப்பிட்டார். போர்டு ரூம் சுவத்துல பெரிய டி.வி. மாட்டணுமாம். அதுல எத்தனை வண்டி நிக்குது, எத்தனை லிட்டர் இறங்குச்சு, எல்லாம் கலர் கலரா ஓடணுமாம். சென்னைல இருந்து ஒரு பார்ட்டி சாஃப்ட்வேர் தர்றானாம், அதுக்கு இருபத்திநாலு ஜி.பி. வேணுமாம். அதுவும் சும்மா இல்லை, பூட்டிக் குடுக்கணும். பூட்டறதுன்னா, அவன் தொட்டாலும் தொடாட்டியும் அந்த இருபத்திநாலு அவனுக்குத்தான். அடில இருக்கற சிஸ்டம் அதைப் பிடுங்க முடியாது.

நான் சொன்னேன் சார். மெயில்லயே போட்டேன். 'இது மெமரி ஓவர்கமிட் விகிதத்தைப் பாதிக்கக்கூடும்'னு இங்கிலீஷ்ல ஒரு வரி போட்டு, நாலு பேருக்குக் காப்பியும் வெச்சேன். அவர் என்னைக் கூப்பிட்டு, "பரந்தாமன், இந்த இங்கிலீஷெல்லாம் எனக்கு வேண்டாமுங்க. ஓடுமா, ஓடாதா? அதை மட்டும் சொல்லுங்க"ன்னார்.

"ஓடும் சார்"னேன்.

வேற என்ன சொல்லச் சொல்றீங்க? ஓடும்தானே. ஓடத்தானே செஞ்சுது. எப்படி ஓடும்னு அவர் கேக்கலை.

சரி, இப்ப கூட்டிப் பாருங்க. நூத்தி இருபது. பெட்டில இருக்கறது அறுபத்திநாலு. குடுக்கறேன்னு சொன்னது நூத்தி இருபது. எல்லாம் இவனுங்க டி.வி.யால.

என்ன சார்? நூத்தி நாலுதான் வருதா? எண்பதும் இருபத்திநாலும்... ஆமா, ஆமா. வாத்தியார்ங்கறது சரியாத்தான் இருக்கு. அந்தப் பதினாறு என்னோடது. சும்மா ஒரு மெஷின். நான் ஒரு பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்தேன், சர்ட்டிஃபிகேட் பரீட்சை. அதுக்குப் பயிற்சி பண்ண மெஷினுக்குள்ளயே மெஷின் ஓட்டிப் பாக்கணும். புஸ்தகத்துல பூட்டி வெக்கச் சொல்லியிருந்துச்சு, பூட்டி வெச்சேன். கம்பெனிக்காகத்தானே சார் படிக்கறேன்? அது பாட்டுக்கு ஒரு மூலைல சும்மா கிடந்துச்சு. யாரையும் ஒண்ணும் செய்யலை.

ரயில்வே கேட்டைப் போட்டுட்டான் பாருங்க. இனி அரைமணி நேரம். ரெண்டு பக்கமும் ரோட்டை அடைச்சுக்கிட்டு நிப்பானுங்க, கேட்டைத் திறந்தா ஒருத்தனும் போக முடியாது.

இந்த இடத்துல ஜெஸிந்தாவைப் பத்திச் சொல்லணும். ஜெஸிந்தா மேரி. பால் இறங்கற இடத்துக்குப் பொறுப்பு. நாப்பது, நாப்பத்திரெண்டு வயசு இருக்கும். வெள்ளைக் கோட்டு, கால்ல ரப்பர் பூட்ஸு. காலைல ஆறு மணிக்கெல்லாம் வந்து நிக்கும். வண்டி வந்தா சாம்பிள் எடுத்து, கொழுப்பு பாத்து, புளிப்பு பாத்து, கம்ப்யூட்டர்ல ஏத்தும். கம்ப்யூட்டர் பச்சை காட்டினாத்தான் பம்பு திறக்கும். இல்லைன்னா திறக்காது. அப்படி ஒரு ஏற்பாடு. அவசரத்துக்குன்னு ஒரு சாவி கண்ணாடிப் பெட்டிக்குள்ள தொங்கும், தீ விபத்து அது இதுன்னா உடைச்சு எடுக்கறதுக்கு.

அந்தம்மாகிட்ட எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆனா போன் மேல போன் போடும் சார். "சார், இன்னைக்கு மெதுவா இருக்கு சார்." "சார், பச்சை வர ரெண்டு நிமிஷம் ஆகுது சார்." டி.வி. மாட்டின நாள்ல இருந்து இதே பாட்டு. எனக்கு வேற வேலை இல்லையா?

ஒரு செவ்வாய்க்கிழமை டைரக்டருங்க வர்றாங்க. சென்னைல இருந்து நாலு பேரு. மகுடபதி என்னை எட்டு மணிக்கே போர்டு ரூமுக்கு வரச் சொல்லிட்டார், டி.வி. நல்லாத் தெரியணும்னு. கேமராவெல்லாம் பெரிசாத் தெரியணும்னு அதையும் கூட்டி வெக்கச் சொன்னார். எட்டே கால் இருக்கும், ஜெஸிந்தா போன்.

"சார், மௌஸே அசைய மாட்டேங்குது சார். அரைமணி நேரமா ஒரு வண்டிக்குக்கூடப் பச்சை வரலை. பதினோரு கேன் வண்டி, நாலு டேங்கர் நிக்குது."

நான் அங்கிருந்தே அந்த மெஷினைத் திறந்து பாத்தேன். பாத்தா, பதினாறு ஜி.பி.யும் அப்படியே இருக்கு. ஆனா நிறைஞ்சு கிடக்கு. ஏதோ ஒண்ணு உள்ள உக்காந்து பதிமூணைப் பிடிச்சு வெச்சிருக்கு.

"ஏம்மா, உன் மெஷின்ல என்னத்த ஓட்டறீங்க? வீடியோ ஏதாவது பாக்கறீங்களா?"

"சார், சத்தியமா ஒண்ணும் ஓட்டலை சார்."

"ஓட்டாம எப்படிம்மா நிறையும்? எல்லாத்தையும் மூடிட்டு ரீஸ்டார்ட் பண்ணு"ன்னு வெச்சுட்டேன்.

அது என்னன்னு எனக்கு அப்பவே தெரியுமான்னா, ஒரு சந்தேகம் இருந்துச்சு. அதுக்குப் பலூன்னே பேரு சார். அடில இருக்கற சிஸ்டத்துக்கு மெமரி பத்தாமப் போச்சுன்னா, ஒவ்வொரு மெஷினுக்குள்ளயும் ஒரு சின்ன புரோகிராம் உக்காந்திருக்கும், அதுக்கு உத்தரவு போகும். உடனே அது உள்ளேருந்தே 'எனக்கு மெமரி குடு, எனக்கு மெமரி குடு'ன்னு வாங்கி வாங்கி உப்பும். அந்த மெஷின், நம்ம வீட்டாளு ஒருத்தன் கேக்கறான்னு நினைச்சு, தன் சாமானையெல்லாம் டிஸ்குக்குத் தள்ளிட்டு இடத்தைக் குடுக்கும். பலூன் பிடிச்ச இடத்தை அடில இருக்கறவன் உருவிக்கிட்டுப் போய் வேற ஆளுக்குக் குடுத்துருவான். வெளியே இருந்து திருடறான், உள்ள இருக்கறவன் எடுத்த மாதிரித் தெரியும். அருவருப்பான வேலை, ஆனா மூளைக்காரன் கண்டுபிடிச்சது.

பூட்டின மெஷின்ல பலூன் வேலைக்காகாது. மகுடபதியோட இருபத்திநாலைத் தொட முடியாது. என்னோட பதினாறையும் தொட முடியாது. அது ரெண்டும் நாப்பது. மிச்சம் இருபத்திநாலு. அதுல பெட்டி தனக்குன்னு ஒரு நாலை வெச்சுக்கும். அப்ப அஞ்சு மெஷினுக்கு இருபது. அன்னைக்குக் கேமரா வேற வாயைப் பொளந்துக்கிட்டுத் திங்குது. ஜெஸிந்தாவுக்கு மூணு மிஞ்சியிருந்தா அதிகம்.

ஒன்பது மணிக்கு ஒரு போன். ஒன்பதரைக்கு ஒரு போன். "சார், ரீஸ்டார்ட் பண்ணேன், மறுபடியும் அப்படியே இருக்கு சார்." பத்துக்கு டைரக்டருங்க வந்து உக்காந்துட்டாங்க. நான் போனை சைலண்ட்ல போட்டேன். டி.வி. அழகா ஓடுது சார், அதைச் சொல்லணும். எல்லாம் பச்சை. 'காத்திருக்கும் வண்டிகள்: இரண்டு'ன்னு காட்டுது. ஏன்னா ஜெஸிந்தாவோட மெஷின் கடைசியா சொன்ன கணக்கு ரெண்டு. அதுக்கப்புறம் அதால சொல்லவே முடியலை. மகுடபதி கோலை வெச்சுத் தட்டித் தட்டிக் காட்டறார். அந்த நாலு பேரும் தலையாட்டறான். ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா பதினஞ்சு வண்டி வெயில்ல நிக்கறது தெரியும். ஒருத்தனாவது தலையைத் திருப்பினானா? முந்திரிப்பருப்பைத் தின்னுக்கிட்டு டி.வி.யைப் பாத்துக்கிட்டிருக்கான். கேவலம் சார். மனுஷனுங்களா இவனுங்க?

என்னையா கேக்கறீங்க? நான் பாத்தேன். நான் ஜன்னல் பக்கம்தான் நின்னேன். நான் என்ன சார் செய்ய முடியும்? டி.வி.யோட பூட்டை அவிழ்த்தா அவர் கண்ணு முன்னாடியே டி.வி. திக்கித் திணறும். அப்புறம் என் வேலை?

என்னோடதா? அதை நிறுத்தியிருக்கலாம்தான். ஒரு கிளிக். ஆனா நிறுத்தினா உள்ள ஓடறதெல்லாம் கலைஞ்சு போயிரும் சார். மூணு வாரம் உக்காந்து கட்டினது. பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்துச்சு.

பதினோரு மணி சுமாருக்கு ஒரு டிரைவர், முத்துக்கருப்பன்னு, கேன் வண்டிக்காரன், நேரா போர்டு ரூம் கதவு வரைக்கும் வந்துட்டான். கைல ஒரு டம்ளர். "ஐயா, பாலு திரிய ஆரம்பிச்சுருச்சுங்க, கொஞ்சம் வந்து பாருங்க"ன்னு கெஞ்சறான். டேங்கர்னா கொஞ்சம் தாங்கும். கேனு தாங்காது சார், மே மாச வெயில்ல. மகுடபதி என்னைப் பாத்தார். நான் போய் அவனை வராந்தாவுக்குத் தள்ளிக்கிட்டுப் போனேன். "டைரக்டருங்க இருக்காங்க, கத்தாதே"ன்னேன். அவன் டம்ளரை என் மூக்குக்கு நேரா நீட்டறான். அந்த நாத்தம்! டம்ளரைத் தட்டி விட்டுட்டேன். என் சட்டைலயே கொட்டிருச்சு. டைரக்டருங்க இருக்கற இடத்துல அந்தச் சட்டையோட நான் நிக்கணும்.

பன்னெண்டு மணிக்கு ஜெஸிந்தா கண்ணாடிப் பெட்டியை உடைச்சுருச்சு. ரப்பர் பூட்ஸைக் கழட்டி அதாலயே அடிச்சு உடைச்சுதாம். சாவியை எடுத்துப் பம்பைத் திறந்து, ஒவ்வொரு வண்டியா கையால சோதிச்சு, ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே இறக்கிருச்சு. நாலு டேங்கரும் தப்பிச்சுது. மூணு கேன் வண்டியும் தப்பிச்சுது. மிச்சம் எட்டு வண்டி போச்சு. ஒரு வண்டிக்கு அம்பது கேன், கேனுக்கு நாப்பது லிட்டர். ஆமா சார், பதினாறாயிரம். எத்தனை ஊரு மாடு, எத்தனை பொம்பளைங்க நாலு மணிக்கு எந்திரிச்சுக் கறந்த பாலு.

அதையெல்லாம் பின்னாடி ஒரு குழி வெட்டி ஊத்தினானுங்க. அதுக்கு மேல மண்ணு போடணுமா இல்லையா? போடலை. பதினஞ்சு நாள் சார். வெள்ளையா, அப்புறம் மஞ்சளா, மேல ஏடு கட்டி, அதுக்கு மேல ஈ. நாய் வந்து குடிச்சுட்டு அங்கேயே வாந்தி எடுக்கும். என் சர்வர் ரூமுக்கு நேர் பின்னாடி. ஏ.சி. வழியா உள்ள வந்துச்சு அந்த நாத்தம். நான் கர்ச்சீப்பு கட்டிக்கிட்டு வேலை பாத்தேன். யாராவது என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?

விசாரணை வெச்சாங்க. மூணு பேரு மேஜை போட்டு உக்காந்தாங்க, மகுடபதி நடுவுல. ஜெஸிந்தா நோட்டைக் கொண்டுவந்து காட்டுச்சு. ஒவ்வொரு வண்டி, ஒவ்வொரு நேரம், எனக்குப் போட்ட ஒவ்வொரு போனு, எல்லாம் எழுதியிருந்துச்சு. "கம்ப்யூட்டர் நின்னுபோச்சு சார். அதனாலதான் சாவியை எடுத்தேன்"னுச்சு.

என்னைக் கேட்டாங்க. "சர்வர் நின்னுச்சா?"

"ஒரு நிமிஷம்கூட நிக்கலை சார்"னேன். உண்மை சார். வேணும்னா பதிவு இருக்கு, எடுத்துக் காட்டறேன். இருநூத்திப் பன்னெண்டு நாள் நிக்காம ஓடியிருக்கு.

"அப்ப ஏன் அந்த மெஷின் மட்டும் மெதுவா இருந்துச்சு?"

"அந்த மெஷினுக்கு உள்ள ஏதோ ஒண்ணு மெமரியைப் பிடிச்சு வெச்சிருந்துச்சு சார்."

இதுவும் உண்மை. நீங்களே சொல்லுங்க, நான் இப்ப உங்களுக்குச் சொன்னதுதானே? உள்ளதான் பிடிச்சிருந்துச்சு. ஒரு வார்த்தை பொய் கிடையாது. எதுக்காகப் பிடிச்சுது, யாருக்காகப் பிடிச்சுதுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கலை. அந்த மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டான். மகுடபதி, "வேலை நேரத்துல அங்க என்ன ஓடிச்சுன்னு நமக்குத் தெரியுமுங்க"ன்னார்.

ஜெஸிந்தா என்னைப் பாத்துச்சு. "பரந்தாமன் சார், நான் எதையும் ஓட்டலை சார், நீங்களாச்சும் சொல்லுங்க சார்"னுச்சு. நான் மேஜை மேல இருந்த பேனாவைப் பாத்துக்கிட்டிருந்தேன்.

அனுப்பிட்டாங்க. கண்ணாடியை உடைச்சது, பதியாம பாலை இறக்கினது, வேலை நேரத்துல கம்ப்யூட்டரைத் தப்பா உபயோகிச்சது. நாலு டேங்கரைக் காப்பாத்தின ஆளை அனுப்பினான் சார்! மகுடபதிக்கு என்ன ஆச்சுன்னு நினைக்கறீங்க? ஆறு மாசத்துல இதைவிடப் பெரிய கம்பெனிக்குப் போயிட்டார். சால்வை போட்டு, மாலை போட்டு அனுப்பி வெச்சானுங்க. நானும் ஒரு மாலை போட்டேன். போடறப்ப கை கூசுச்சு. காறித் துப்பணும்போல இருந்துச்சு.

பரீட்சையா? பாஸ் பண்ணிட்டேன். நல்ல மார்க்கு. முடிஞ்ச மறுநாளே அந்தப் பயிற்சி மெஷினைத் தூக்கிட்டேன், இனி எதுக்கு அது? டி.வி. பூட்டையும் அவர் போன பிறகு எடுத்துட்டேன். ஜெஸிந்தா இடத்துக்கு வந்த புதுப் பையன், "சார், என்ன பண்ணீங்க, பறக்குது சார்"னான். "கொஞ்சம் ட்யூன் பண்ணேன்"னேன். அந்த வருஷ விழாவுல எனக்கு ஒரு ஷீல்டுகூடக் குடுத்தாங்க, நிக்காம ஓடின சர்வருக்குன்னு. வீட்டுல டி.வி. மேல இருக்கு.

கேட்டைத் திறந்துட்டான். நான் சொன்னேன்ல, பாருங்க, எவனாவது நகர முடியுதா?

போன வாரம் ஒட்டன்சத்திரத்துக்கு அந்தாண்ட ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன், சொந்தத்துல ஒரு காது குத்து. அங்க பால் சொசைட்டி வாசல்ல ஜெஸிந்தா உக்காந்திருக்கு சார். சின்ன ரூமு. ஒரு மேஜை, ஒரு நோட்டு, பால் மானி போட்ட ஒரு கண்ணாடிக் குழாய். கம்ப்யூட்டரெல்லாம் கிடையாது. சொம்பைத் தூக்கிக்கிட்டு வந்த பொம்பளைங்க வரிசையா நிக்கறாங்க. நான் பாக்காத மாதிரிப் போயிடலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள பாத்துருச்சு.

"சார், நல்லா இருக்கீங்களா? வீட்டுல எல்லாரும் சுகமா?"ன்னு எந்திரிச்சு வந்துச்சு. எனக்கு ஸ்டூலைத் துடைச்சுப் போட்டுச்சு. கொஞ்ச நேரம் சும்மா பேசிக்கிட்டிருந்துட்டு, அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு,

"சார், ஒண்ணு கேக்கணும். உங்களுக்குத்தான் தெரியும். அன்னைக்கு நான் எதைத் தப்பா அமுக்கினேன் சார்? என்னென்னமோ யோசிச்சுப் பாத்துட்டேன். எதையோ தெரியாம ஓட்டியிருக்கேன். எட்டு வண்டிப் பாலு சார். அது என்னன்னு தெரிஞ்சாக்கூட மனசு ஆறிரும்"னுச்சு.

வரிசைல நின்ன பொம்பளைங்க எல்லாம் எங்களையே பாக்கறாங்க.

நான் என்ன சார் சொல்ல முடியும், அத்தனை பேரு மத்தில? பலூனைப் பத்தியும் பக்கக் கணக்கைப் பத்தியும் அங்க உக்காந்து பாடமா எடுக்க முடியும்? "விடும்மா. தெரியாமப் பண்ணினதுதானே. எல்லாருக்கும் நடக்கறதுதான். நான் அதை மனசுல வெச்சுக்கலை"ன்னேன். பெருந்தன்மையாத்தான் சொன்னேன்.

அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. ரெண்டு கையையும் சேத்து, "ரொம்ப தேங்க்ஸ் சார்"னு கும்பிட்டுச்சு.

என்ன சார், எந்திரிச்சுட்டீங்க? பழனியே இன்னும் வரலையே. அங்கயெல்லாம் சீட்டு இல்லை சார். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டேவா வரப்போறீங்க? சார்... வாத்தியார் சார்... இங்க இவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கு.